தமிழில் கையொப்பம் போட்டதால்தான் பேட்ச் உடைகிறதா?

பல்லாவரம்_பையன்:
ஒரு திறமூலத் திட்டத்தின் சி கோப்பில் குறிப்புரைப் பிழை ஒன்றைத் திருத்தினேன். என் முதல் பேட்ச் (நிரலில் எந்த வரி எப்படி மாறுகிறது என்று காட்டும் உரை), மூன்றே வரி. கிண்டியில் ரயில் ஏறியதும் போனிலிருந்து திட்டத்தின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினேன். மீனம்பாக்கம் தாண்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டது: எச்டிஎம்எல் (எழுத்தை அலங்கரிக்கும் வடிவம்) பகுதி இருக்கிறதாம், வெறும் உரை மட்டும்தான் ஏற்பார்களாம். நான் ஒரு எழுத்தைக்கூடத் தடிமனாக்கவில்லை. வீட்டுக்கு வந்து பிரவுசரில் பிளெயின் டெக்ஸ்ட் மோடில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது, ஆனால் "பேட்ச் பொருந்தவில்லை" என்று பதில் வந்தது. மடலின் மூலத்தைத் திறந்து பார்த்தால் என் வரிகளையே காணோம். ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த குவியல்தான் இருக்கிறது. கையொப்பத்தில் பெயரைத் தமிழில் எழுதியிருந்தேன். அதுதான் காரணமா? அதை மாற்ற மனம் வரவில்லை.

அசோக்நகர்_அக்கா:
தம்பி, பெயரை மாற்ற வேண்டாம். உடைத்தது அது இல்லை.

முதல் மடல் திரும்பியதற்குக் காரணம் போன். பெரும்பாலான போன் செயலிகள் ஒரே மடலை இரண்டு பிரதியாக அனுப்பும்: ஒன்று வெறும் உரை, இன்னொன்று எச்டிஎம்எல். நீங்கள் எதையும் அலங்கரிக்காவிட்டாலும் இரண்டாவது பிரதி கூடவே போகும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதும் குழுக்களும் இதை ஏற்பதில்லை.

அந்தக் குவியல் பேஸ்64. மின்னஞ்சல் 7 பிட் ஆஸ்கிக்காக, அதாவது ஆங்கில எழுத்து, எண், குறிகளுக்காக மட்டும் பிறந்தது. எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். பேஸ்64 அதை 4 ஆஸ்கி எழுத்தாக்கும். பெயர் மட்டும் தமிழில் இருந்தாலும் சில வெப்மெயில்கள் முழு மடலையும் அப்படி மாற்றிவிடும். படிக்கிறவருக்கு எரிச்சல்தான், ஆனால் கிட் ஏஎம் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில், மடலில் வந்த பேட்சைப் பொருத்தும் கட்டளை) அதைத் தானே பிரித்துக்கொள்ளும்.

உடைத்தது வேறு இரண்டு: டேப் (வரியை உள்ளே தள்ளும் டேப் விசையின் குறி) சாதாரண இடைவெளிகளாக மாறுவது, நீண்ட வரி 78 எழுத்துக்கு அருகில் மடிவது. பிரவுசர் ஜிமெயில் இரண்டையும் செய்யும் என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. ஒட்டிய பேட்சில் ஒரு டேப் போனாலும் பொருந்தாது.

பேட்சை மாற்றாமல் நேரே மடலாக அனுப்பும் கிட் சென்ட்-ஈமெயில் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஜிமெயில் கணக்கு என்றால் மடல் அனுப்பும் எஸ்எம்டிபி சர்வருக்கு போர்ட் 587, இருபடிச் சரிபார்ப்பை இயக்கி ஆப் பாஸ்வேர்டு (செயலிக்கென்று தனியாகத் தரும் கடவுச்சொல்) வாங்க வேண்டும். வழக்கமான கடவுச்சொல் செல்லாது. முதலில் உங்களுக்கே அனுப்பி, அந்த மடலைச் சேமித்து, புதுக் கிளையில் (நிரலின் தனிப் பிரதியில்) கிட் ஏஎம் ஓட்டிப் பாருங்கள். அது பொருந்திய பிறகே வெளியே அனுப்புங்கள்.

தரமணி_இரவுப்பணி:
தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருள் வைத்திருப்பவர்கள் எச்டிஎம்எல் எழுதுவதை நிறுத்துவதோடு, வரிகளை மடித்துச் சேர்க்கும் ஃபார்மட்-ஃப்ளோட் அமைப்பையும் அணைக்க வேண்டும். அப்புறம், அலுவலக முகவரியிலிருந்து அனுப்பவே அனுப்பாதீர்கள். "இம்மடல் ரகசியமானது" என்ற பத்தியை சர்வரே அடியில் ஒட்டிவிடும். பொதுக் குழுவுக்கு அனுப்பும் பேட்சில் அந்த வாசகம் இருந்தால் சிலர் தொடவே மாட்டார்கள்.

பல்லாவரம்_பையன்:
அக்கா, பழைய மடலைச் சேமித்து ஒப்பிட்டேன். நான்கு டேப்கள் இடைவெளியாகியிருந்தன, இரண்டாவது வரி மடிந்திருந்தது. நீங்கள் சொன்னபடியே எனக்கு அனுப்பிச் சோதித்து, நேற்றிரவு குழுவுக்கு அனுப்பினேன். காலையில் ஏற்றுக்கொண்டார்கள். கிட் லாகில் (மாற்றங்களின் பதிவில்) என் பெயர் தமிழிலேயே இருக்கிறது. அம்மாவுக்குத் திரையில் காட்டினேன்.