மறுமொழி: அந்த இரும்புத் துண்டும் 'டை'க்கு ஒரு தமிழ்ச்சொல்லும்

வணக்கம்.

எழுத்து வெட்டிய ஓர் இரும்புத் துண்டின் படத்தைப் போட்டு, இது அரக்கு முத்திரையா, 'டை'யா (die, உலோகத்தில் வைத்து அடித்து உருவம் பதிக்கும் அச்சு), டைக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்ததற்கு என் மறுமொழி இது. முதலில் அந்தத் துண்டைப் பார்த்துவிடுவோம், சொல்லுக்கு அப்புறம் வரலாம். படத்தில் எழுத்து மேடாக இருக்கிறது என்று பாதிப் பேர், பள்ளமாக இருக்கிறது என்று மீதிப் பேர், நேற்று முழுக்க இதே சண்டை. இரண்டு பக்கத்தையும் குறை சொல்ல முடியாது. வெளிச்சம் மேலிருந்து வரும் என்றே நம் கண் பழகியிருப்பதால், கீழிருந்து விளக்கைக் காட்டி எடுத்த படத்தில் பள்ளம் மேடாகத்தான் தெரியும். அதே படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மேடெல்லாம் பள்ளமாகிவிடும், செய்து பாருங்கள். நகத்தால் வருடிப் பார்ப்பது இதைவிட நல்ல சோதனை. வைத்திருப்பவர் வருடிப் பார்த்து, நகம் உள்ளே இறங்குகிறது என்று எழுதிவிட்டார். ஆக, பள்ளம். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறியிருக்கிறது. காந்தம் ஒட்டுகிறது. பின்பக்கம், அடிவாங்கி அடிவாங்கி நசுங்கிய உளித்தலைபோல, விளிம்பு சுற்றிலும் வெளியே பிதுங்கி மடங்கியிருக்கிறது.

எனக்கு அந்தக் கடைசி விவரம் ஒன்றே போதும். அரக்கில் பதிக்கும் முத்திரையை யாரும் சுத்தியலால் அடிக்கமாட்டார்கள், கையால் அழுத்தி எடுப்பார்கள், அதனால் அதில் ஒரு கைப்பிடியோ கோத்துத் தொங்கவிட வளையமோ இருக்கும். நேராகப் பிடிக்க வசதியாக, மேல்பக்கம் எது என்று காட்டும் சின்ன வெட்டும் பலவற்றில் உண்டு. இங்கே அதெல்லாம் இல்லை. இது உலோகத்தை வைத்து அடித்த டை. நாணயமா, பதக்கமா, பித்தானா என்பது முகப்பின் அளவையும் விளிம்பு வேலையையும் பார்த்துச் சொல்லவேண்டியது, அதற்கு இந்தப் படம் போதாது.

சரி, சொல்லுக்கு வருவோம். சண்டை இவ்வளவு நீண்டதற்குப் படம் பாதிக் காரணம், 'முத்திரை' என்ற சொல் மீதிக் காரணம். கையில் பிடிக்கும் கருவியும் முத்திரை, அது விட்டுப்போகும் பதிவும் முத்திரை. "முத்திரையில் எழுத்து மேடாக இருக்கிறது" என்று ஒருவர் எழுதினால் அவர் இரும்பைச் சொல்கிறாரா அரக்கைச் சொல்கிறாரா? ஆங்கிலத்தில் சீல் என்ற சொல்லுக்கும் இதே வியாதிதான், அதனால்தான் முத்திரைகளை ஆராய்பவர்கள் கருவியை மட்டும் மேட்ரிக்ஸ் என்று பிரித்துச் சொல்கிறார்கள். அதை யாராவது அகராதியைப் பார்த்து, கணக்குப் பாடத்து மேட்ரிக்ஸ் என்று நினைத்து 'அணி' என்று பெயர்த்துவிடுவதற்குள் நாம் முந்திக்கொள்வது நல்லது.

என் முன்மொழிவு: பதிவுக்கு மட்டும் முத்திரை. கருவி குழிவாக வெட்டப்பட்டதென்றால் குழியச்சு, எழுத்து மேடாக நிற்கும்படி வெட்டப்பட்டதென்றால் புடையச்சு. புடைப்புச் சிற்பம் என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதன் பக்கத்தில் இது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காது. நாணயக் குழியச்சு, முத்திரைக் குழியச்சு என்று முன்னால் ஒட்டிக்கொள்ளலாம்.

இதில் லாபம் என்னவென்றால், பெயரே பாதி அடையாளத்தைச் சொல்லிவிடும். இடம்வலம் மாறிய குழியச்சு என்றால் அரக்கு, களிமண், அடித்த உலோகம், எதில் பதித்தாலும் எழுத்து நேராகவும் மேடாகவும் வரும். இடம்வலம் மாறிய புடையச்சு என்றால் மை ஒற்றியதாக இருக்கலாம், அல்லது புத்தக அட்டைத் தோலில் சூடாக அழுத்திப் பள்ளமாக எழுத்து விட்டதாக இருக்கலாம். எழுத்து நேராகவும் மேடாகவும் இருக்கிறதா, அது குழியச்சையே அடித்து உண்டாக்கும் ஹப்பாக இருக்கக்கூடும். நேராகவும் பள்ளமாகவும் இருந்தால் பெரும்பாலும் அது அச்சே இல்லை, பெயர்ப்பலகை!

ஹப்புக்குத் தாயச்சு என்று வைக்கலாம். மேட்ரிக்ஸ் என்ற சொல்லுக்கே தாய் என்ற வேர் இருப்பதால் தாயச்சை அதற்குக் கொடுங்கள் என்று முந்தைய மடலில் ஒருவர் கேட்டார். வேரைப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் பட்டறையில் எது எதைப் பெற்றெடுக்கிறது என்று பார்த்தால், ஒரு ஹப்பிலிருந்து பல டைகள் பிறக்கின்றன, அதனால் என் ஓட்டு ஹப்புக்கே. ஈய எழுத்து வார்த்த காலத்து வேலையிலும் இந்தச் சொற்கள் பொருந்துகின்றன: எஃகில் வெட்டிய புடையச்சைச் செம்பில் அடித்தால் குழியச்சு, அதில் ஈயக்கலவையை ஊற்றினால் அச்செழுத்து.

மற்ற பரிந்துரைகளில் 'இலச்சினை' எனக்குப் பிடித்த சொல், ஆனால் இன்று அது நிறுவனங்களின் லோகோவாகிவிட்டது, திரும்பப் பிடுங்க முடியாது. 'கம்பட்டம்' நாணயத்தைக் குறிக்கும் பழைய சொல், கருவியை அல்ல. 'பொறி' அழகானது, ஆனால் எலிப்பொறியிலிருந்து தீப்பொறி வரை அதற்கு ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை. அச்சுக்கும் அதே குறை இருக்கிறதே, வண்டி அச்சும் அச்சுதானே என்று கேட்பீர்கள். கேளுங்கள். முன்னால் குழியும் புடையும் வந்துவிட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக, வைத்திருப்பவருக்கு. தயவுசெய்து அதைப் புளி போட்டோ கம்பித் தூரிகையாலோ தேய்க்காதீர்கள். எழுத்தின் இடுக்கில் ஒட்டியிருப்பது அரக்கா, மையா, பொன்னிறத் துகளா என்பதே சாட்சி. மேலும் முகப்பின் குறுக்கே ஒரு கோடு தெரிகிறது. அது கீறலா, இனிப் பயன்படுத்தக்கூடாது என்று வேண்டுமென்றே வெட்டி ரத்து செய்ததா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இடுக்கில் இருப்பதைப் படம் எடுத்துவைத்த பிறகு, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டித் தட்டி, மாவு தூவி, மெதுவாக அழுத்தி எடுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழட்டும். இந்த முறை மேடா பள்ளமா என்று யாரும் கேட்கமாட்டார்கள், எழுத்தைப் படித்துவிடலாம்.