‘நிறைவு மையம்’ வேண்டாம், ‘பசியாறல்’ என்போம்

மதிப்பிற்குரிய குழுவினர்க்குச் செங்கோட்டையிலிருந்து வணக்கம்.

மூளையின் ஹைப்போதலாமஸ் பசியை ஆளும் முறை குறித்து நாம் தொகுத்துவரும் பாடக் குறிப்பில், உண்ட பிறகு பசி தணியும் நிலையை ‘நிறைவு’ என்றும், அதற்குரிய பகுதியை ‘நிறைவு மையம்’ என்றும் எழுதலாம் எனச் சென்ற வாரம் நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். ஆரியங்காவு அண்ணாச்சி அதை மறுத்துப் ‘பசியடக்கம்’ என்றார். நான் ‘பசியாறல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். (ஹைப்போதலாமஸ் என்ற பெயரை மாற்ற வேண்டியதில்லை. மாணவர்க்கு அது பழகிய சொல்.)

முதலில் ‘மையம்’ பற்றி. 1940இல் ஹெதரிங்டன், ரான்சன் என்ற ஆய்வாளர்கள் எலிகளின் ஹைப்போதலாமஸில் அடிநடுப் பகுதியைச் சிதைத்தபோது அவை மிகவும் பருத்தன. 1951இல், பின்னாளில் தில்லி எய்ம்ஸின் உடலியங்கியல் துறையில் பேராசிரியராக விளங்கிய பி. கே. ஆனந்தும் பிராபெக்கும் பக்கப் பகுதியை இருபுறமும் சிதைத்தபோது எலிகள் உண்பதையே நிறுத்தின. முன்னது நிறைவு மையம், பின்னது பசி மையம் என்ற பிரிவு அங்கிருந்து வந்தது. இன்றைய அறிவு அவ்வளவு எளிய படத்தைத் தருவதில்லை. ஹைப்போதலாமஸின் அடியில் வில்போல் வளைந்த ஒரு நரம்பணுத் திரளுக்குள்ளேயே பசியைத் தூண்டும் அணுக்களும் பசியைத் தணிக்கும் அணுக்களும் அருகருகே இருக்கின்றன; கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் என்ற இயக்குநீர் (ஹார்மோன்) முதல் வகையைத் தளர்த்தி இரண்டாம் வகையை எழுப்புகிறது; இரைப்பையிலிருந்து வரும் கிரெலின் என்ற இயக்குநீர் முதல் வகையை முடுக்குகிறது. ஆகவே ‘மையம்’ என்பதை விட்டுவிட்டுப் ‘பசித்தூண்டு நரம்பணுக்கள்’, ‘பசியாற்று நரம்பணுக்கள்’ என்று எழுதினால், இப்போது கற்றதை மாணவர் பின்னால் மறக்க வேண்டியிராது. ஆங்கிலத்தில் arcuate nucleus எனப்படும் அந்தத் திரளை ‘வில் உட்கரு’ என்று எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. உட்கரு என்றதும் மாணவர் மனத்தில் ஓர் உயிரணுவின் உள்ளேயிருப்பதே தோன்றும், ‘வில்திரள்’ போதும்.

‘நிறைவு’ என்ற சொல்லின் குறை இன்னும் ஆழமானது. நிறைவது வயிறு. வயிறு விரிந்த செய்தி வேகஸ் நரம்பின் வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறது. அது பசி தணிவதற்கான காரணங்களுள் ஒன்றே தவிர, பசி தணிதலே அதுவன்று. 2015இல் வெளிவந்த சுண்டெலி ஆய்வு இதைத் தெளிவாக்கியது: பசித்த எலியின் முன் உணவை வைத்தவுடன், ஒரு வாய் உண்பதற்கு முன்பே, பசித்தூண்டு அணுக்களின் எழுச்சி நொடிகளில் தாழ்கிறது. சத்துள்ள உணவு உள்ளே போகாவிட்டால் அந்தத் தாழ்வு நிலைப்பதில்லை. வயிறு வெறுமையாக இருக்கும்போதே தொடங்கிவிடும் ஒன்றை நிறைவு என்று எப்படி அழைப்பது?

அண்ணாச்சியின் சொல்லுக்கு வருகிறேன். கணவாய்க்கு அப்பால், ஆரியங்காவு இருக்கும் கேரளப் பக்கத்தில், மலையாளத்தில் ‘விசப்படக்குக’ என்றால் உண்டு பசி தீர்ப்பதுதான். அந்தப் பேச்சு நாள்தோறும் காதில் விழும் அவருக்குப் ‘பசியடக்கம்’ இயல்பாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் தமிழில் ‘அடக்கம்’ என்றதும் உண்ணாமல் பசியைக் கட்டுப்படுத்துவதே முன்னால் வந்து நிற்கிறது. நேரம் தவறி ‘பசி அடைத்துப் போயிற்று’ என்று வீட்டில் சொல்வதும் உண்ணாமல் போனதையே குறிக்கும். இந்த இரண்டிலிருந்தும் நம் சொல் விலகி நிற்க வேண்டும்.

‘ஆறு’ என்ற வினை அப்படி விலகி நிற்கிறது. காப்பி ஆறுகிறது, புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது என்னும்போது, மிகுந்திருந்த ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னிலைக்குத் திரும்புவதைச் சொல்கிறோம். உண்ணத் தொடங்கியதிலிருந்து நரம்பணுக்களிலும் குருதியிலும் நடப்பதும் அதுவே. எங்கள் பகுதி இஸ்லாமியர் வீடுகளில் காலையில் ‘பசியாறியாச்சா?’ என்று கேட்பது இன்றும் வழக்கு. அது காலை உணவையல்லவா குறிக்கும் என்று கேட்கலாம், குறித்தால் என்ன? வாழும் வினையிலிருந்து பிறந்த பெயரைப் பாடத்தில் பொருள் வரையறுத்து ஆள்வதில் தடையில்லை.

ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. ஒரு வேளை உணவை நிறுத்தச் செய்யும் தணிவும், அடுத்த வேளை வரை பசி எழாதிருக்கும் நிலையும் உடலியங்கியலில் வேறு வேறு. முன்னதற்குப் ‘பசியாறல்’ பொருந்துகிறது. பின்னதற்குப் ‘பசியாறிய நிலை’ என்று நீட்டிச் சொல்வதைத் தவிர இப்போதைக்கு எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அண்ணாச்சிக்கும் மற்றவர்க்கும் அதற்கு ஒற்றைச் சொல் தெரிந்தால் எழுத வேண்டுகிறேன்.