ஜியோஃபோன் பெட்டியில் தொலைதூர பூகம்பம் பதிவாகவே இல்லை, உதவி தேவை

மண்கேள்வி:
வணக்கம். ஜியோஃபோன் (நில அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் சென்சார்) வைத்து நானே கட்டிய நில அதிர்வுமானியில் நேற்றைய பெரிய பூகம்பம் பதிவாகவே இல்லை. 6.8 அளவு. மற்றவர்களின் நிலையங்களில் எல்லாம் அழகாக விழுந்திருக்கிறது, என்னுடையதில் வெறும் நேர்கோடு. பெட்டி வேலை செய்கிறது: பக்கத்தில் நடந்தால் தெரிகிறது, கதவைச் சாத்தினால் தெரிகிறது. கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) கூட்டிப் பார்த்தேன், இரைச்சல்தான் கூடியது. சென்சார் கெட்டுவிட்டதா? புதிதாக வாங்கணுமா? பின்னதிர்வுகள் வந்துகொண்டே இருக்கின்றன, அவற்றையாவது பிடிக்க வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

பாறைமேல்:
எந்த சென்சார்? அதன் இயல்பு அதிர்வெண் (அது தானாக ஆடும் வேகம்) எவ்வளவு? செங்குத்தா, கிடையா? நொடிக்கு எத்தனை சாம்பிள்? பூகம்பம் உங்களிடமிருந்து எவ்வளவு தூரம்? என்ன ஃபில்டர் போட்டுப் பார்த்தீர்கள்? இவை தெரியாமல் சென்சார் கெட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

கம்பிச்சுருள்:
கெயின் கூட்டினால் இரைச்சல் கூடுகிறது என்றாலே எனக்கு எர்த்திங் சந்தேகம்தான். சென்சாரிலிருந்து வரும் ஒயர் முறுக்கிய ஜோடியா? மேலே ஷீல்டு இருக்கிறதா? ஷீல்டை ஒரு முனையில் மட்டும்தான் எர்த் செய்ய வேண்டும். இரண்டு முனையிலும் செய்தால் மின்சார இரைச்சல் முழுக்க உள்ளே வரும். நொடிக்கு 100 சாம்பிள் எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் சரியாக நைக்விஸ்ட் எல்லையில் (சாம்பிள் வேகத்தில் பாதி, அதற்கு மேலே உள்ளது சரியாகப் பதிவாகாது) வந்து உட்காரும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரமாக இருந்தால் அது 40 ஹெர்ட்ஸாக வேஷம் மாறி வரும், நிஜமான அதிர்வு என்றே நினைத்துவிடுவீர்கள். ஏடிசிக்கு (சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்) முன்னால் அனலாக் ஃபில்டர் இருக்கிறதா?

அப்புறம், ஜியோஃபோனுக்குக் குறுக்கே டேம்பிங் ரெசிஸ்டர் (ஆட்டத்தைத் தணிக்கும் மின்தடை) போட்டீர்களா? அது இல்லாவிட்டால் ஒரு தட்டு தட்டியதும் மணி மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். தணிப்பு 0.7 அருகில் வர வேண்டும். எத்தனை ஓம் என்பதை டேட்டாஷீட்டில் உள்ள சுருள் மின்தடையை வைத்துக் கணக்கிடலாம்.

நிழல்வளையம்:
எனக்கு வேறு ஒரு எண்ணம். பூமியின் வெளிக்கருவம் திரவம். அதில் P அலை (முதலில் வந்துசேரும் அழுத்த அலை) வளைந்துவிடும், S அலை (அடுத்து வரும் குறுக்கலை) நுழையவே நுழையாது. அதனால் பூகம்ப மையத்திலிருந்து சுமார் 104 பாகை முதல் 140 பாகை வரை (பூமியின் மையத்தில் அளக்கும் கோணம்) ஒரு நிழல் வளையம் உண்டு, அங்கே நேரடி P அலை வராது. 1936-ல் டென்மார்க் விஞ்ஞானி இங்கெ லேமன் உட்கருவத்தைக் கண்டுபிடித்ததே இந்த நிழலுக்குள் வரக்கூடாத மெல்லிய அலைகள் வந்ததைப் பார்த்துத்தான். ரிக்டரில் 6.8 என்றாலும் நீங்கள் நிழலுக்குள் இருந்தால் ஒன்றும் தெரியாது. தூரத்தைப் பாகையில் கணக்கிட்டுப் பாருங்கள்.

ஊசல்காரர்:
இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, அடிக்கடி இதே பதிலைத்தான் எழுதுகிறேன். கருவி செய்வதற்கு முன்னால் கருவி எதை அளக்கும் என்று படிக்க வேண்டும். பூகம்பம் என்றால் ஒரே ஒரு அதிர்வு அல்ல. கதவு சாத்தினால் வருவது 10, 20 ஹெர்ட்ஸ். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும் P அலையில் மிஞ்சுவது 1 ஹெர்ட்ஸ் பக்கம். மேற்பரப்பு அலைக்கு ஒரு சுற்றுக்கு 20 நொடி ஆகும், அதாவது 0.05 ஹெர்ட்ஸ். கதவு தெரிகிறது என்பதால் பூகம்பமும் தெரிய வேண்டும் என்பது தவறான எதிர்பார்ப்பு.

உலகில் முதன்முதலாகத் தொலைதூர பூகம்பம் பதிவானது 1889 ஏப்ரல் 17 அன்று. ஜப்பானில் நிலம் அதிர்ந்தது, ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் எர்ன்ஸ்ட் வான் ரெபூர்-பாஷ்விட்ஸின் கருவியில் விழுந்தது. அது மெதுவாக ஆடும் கிடை ஊசல், அதனால்தான் விழுந்தது. இதைப் புரிந்துகொண்டால் மற்றது தானாக விளங்கும்.

நிழல்வளையம் சொல்வதும் பொருந்தாது. P அலைக்குத்தான் நிழல். மேற்பரப்பு அலை தரையோடு போய் எல்லா இடத்துக்கும் வந்துசேரும். இன்னொன்று, "ரிக்டரில்" என்று எழுதுவதை நிறுத்துங்கள்.

செய்திவாசி:
ரிக்டர் என்றால் என்ன தப்பு சார்? எல்லாச் செய்தியிலும் அப்படித்தான் வருகிறது, படிப்பவருக்கும் புரிகிறது.

ஊசல்காரர்:
புரிவதில்லை, பழகியிருக்கிறது. ரிக்டர் 1935-ல் அந்த அளவை உருவாக்கியது தெற்குக் கலிபோர்னியாவுக்கு, அதுவும் வுட்-ஆண்டர்சன் என்ற ஒரு குறிப்பிட்ட கருவியின் வீச்சை வைத்து. 7-ஐ நெருங்கும்போதே அந்த அளவு நிரம்பிவிடும்: நிலம் எவ்வளவு பெரிதாக உடைந்தாலும் எண் ஏறாது. 1979-ல் ஹாங்க்ஸும் கனமோரியும் மொமென்ட் மேக்னிட்யூடைக் கொண்டுவந்தார்கள். உடைந்த பரப்பு, நழுவிய தூரம், பாறையின் விறைப்பு மூன்றையும் பெருக்கி வரும் எண்ணிலிருந்து கணக்கிடுவது அது. 1960 சிலி பூகம்பத்துக்கு 9.5 என்று சொல்வது இந்த அளவில்தான். மேற்பரப்பு அலையை வைத்துக் கணக்கிட்டால் அதே பூகம்பம் எட்டரையைத் தாண்டாது. பெரிய பூகம்பங்களுக்கு இன்று ரிக்டரை யாரும் கணக்கிடுவதில்லை.

செய்திவாசி:
சரி, ஆனால் இரண்டு அளவும் நடுத்தர பூகம்பங்களில் ஏறத்தாழ ஒரே எண்ணைத் தரும்படிதானே அமைத்திருக்கிறார்கள்? ஒரு எண் கூடினால் அலைவீச்சு 10 மடங்கு, ஆற்றல் 32 மடங்கு என்பதும் மாறவில்லை. பொதுமக்களுக்கு அதுதானே முக்கியம். பெயரைத் திருத்துவதைவிட இந்த 32 மடங்கை விளக்கினால் பயன் அதிகம். 6-க்கும் 8-க்கும் ஆற்றலில் ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்பது பலருக்குத் தெரியாது.

நிழல்வளையம்:
செய்திவாசி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் பழக்கத்தில் எழுதினேன், அளவின் விஷயத்தில் ஊசல்காரர் சொன்னதும் சரிதான்.

மண்கேள்வி:
செங்குத்து ஜியோஃபோன், 4.5 ஹெர்ட்ஸ். 100 சாம்பிள். தூரம் சுமார் 6,700 கிமீ. தரைத்தளத்தில் சிமெண்ட் தரைமேல் இருக்கிறது. ஃபில்டர் எதுவும் போடவில்லை, 12 மணி நேரப் படத்தில் பார்த்தேன்.

பாறைமேல்:
இப்போது பேசலாம். உங்கள் சென்சார் கெட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

6,700 கிமீ என்றால் ஏறத்தாழ 60 பாகை. நிழல் வளையத்துக்கு வெகு முன்னால் இருக்கிறீர்கள், P அலை வந்தே தீரும். பூகம்ப நேரத்திலிருந்து சுமார் 10 நிமிடத்தில் P, சுமார் 18 நிமிடத்தில் S. யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வு அமைப்பு) பக்கத்தில் உள்ள நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். உங்கள் படம் எந்த நேரத்தில் வரைகிறது என்று முதலில் பாருங்கள், பலர் இங்கேதான் தவறான இடத்தில் தேடுவார்கள். கணினிக் கடிகாரம் இணையத்தோடு ஒத்திசைந்திருக்கிறதா என்பதும் முக்கியம்.

4.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஜியோஃபோனின் உணர்திறன் அதிர்வெண்ணின் வர்க்கத்தில் இறங்கும். 1 ஹெர்ட்ஸில் 20-ல் ஒரு பங்கு மிஞ்சும், அது போதும். 20 நொடி மேற்பரப்பு அலைக்கு எட்டாயிரத்தில் ஒரு பங்குதான், உங்கள் ஆம்ப்ளிஃபையர் இரைச்சலுக்குள் புதைந்துவிடும். மற்றவர்களிடம் "அழகாக" விழுந்தது அநேகமாக அந்த மேற்பரப்பு அலைதான். அவர்களிடம் இருப்பது பின்னூட்டத்தோடு இயங்கும் பிராட்பேண்ட் (அகன்ற அதிர்வெண் வீச்சு) கருவிகள், ஒரு சுற்றுக்கு 120 நொடி எடுக்கும் அலை வரை ஒரே உணர்திறனோடு அளக்கும். அதை உங்கள் பெட்டியில் எதிர்பார்க்காதீர்கள், P அலையைத் தேடுங்கள்.

12 மணி நேரப் படத்தில் தானியங்கி அளவு இருந்தால் ஒரு கதவுச் சத்தம் எல்லாவற்றையும் நசுக்கிவிடும். பூகம்ப நேரத்திலிருந்து 8-ஆவது நிமிடம் முதல் 15-ஆவது நிமிடம் வரை மட்டும் வெட்டி எடுங்கள். 0.7 முதல் 2 ஹெர்ட்ஸ் வரை பேண்ட்பாஸ் (அந்த இடைவெளியை மட்டும் விடும் ஃபில்டர்) போடுங்கள். மனித நடமாட்ட இரைச்சல் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. 2020 ஊரடங்கில் உலகம் முழுக்க நிலையங்களில் அந்த உயர் அதிர்வெண் இரைச்சல் பாதி வரை குறைந்ததை நினைத்துப் பாருங்கள். கெயினைத் தொட வேண்டாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. அமைதியான ஒரு ராத்திரியின் ஸ்பெக்ட்ரத்தை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்ற படம்) எடுங்கள், 0.2 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு தெரிகிறதா? கடல் அலைகள் ஒன்றோடொன்று எதிர்ப்பட்டு கடல் தரையை அழுத்துவதால் வரும் மைக்ரோசீசம் அது. எந்த நேரமும் எந்த நாட்டிலும் இருக்கும். 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோனில் அது தெரிந்தால் உங்கள் மின்சுற்று நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

பின்னதிர்வுகள் 5 அளவு என்றால் இந்தத் தூரத்தில் கிடைப்பது கஷ்டம். அடுத்த பெரியது வரும்வரை பதிவை நிறுத்தாமல் வைத்திருங்கள்.

கம்பிச்சுருள்:
டேம்பிங் ரெசிஸ்டர் பற்றி இன்னும் பதில் வரவில்லை.

ஊசல்காரர்:
தணிப்பு மாறினால் 4.5 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதிதான் மாறும். 1 ஹெர்ட்ஸில் வளைவின் வடிவம் அநேகமாக அப்படியே இருக்கும். இந்தச் சிக்கலுக்கு அது காரணம் இல்லை.

கம்பிச்சுருள்:
இந்தச் சிக்கலுக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் ஒரு சிறு நடுக்கம் வந்தால் அது 5, 10 ஹெர்ட்ஸில்தான் வரும். தணிப்பு சரியாக இல்லாமல் வீச்சைக் கணக்கிட்டால் அளவு தப்பாகும். நாளைக்கு யாராவது அந்தத் தரவை நம்புவார்கள். அதனால்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மண்கேள்வி:
கிடைத்துவிட்டது! 0.7–2 போட்டேன். யூடிசிப்படி 10-ஆவது நிமிடத்தை ஒட்டி ஒரு துடிப்பு, கொஞ்ச நேரம் நீண்டு அடங்குகிறது. அருகில் உள்ள நிலையத்தின் P நேரத்தோடு ஒத்துப்போகிறது. S தெரியவில்லை. சென்சார் வாங்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

பாறைமேல்:
அருமை. S அசைவு பெரும்பாலும் கிடையாக இருக்கும், அதிர்வெண்ணும் குறைவு, அதனால் உங்கள் செங்குத்து சென்சாரில் தெரியாதது இயல்பு. 0.2 ஹெர்ட்ஸ் மேடு தெரிந்ததா?

ஊசல்காரர்:
ஃபில்டர் போடாத மூலத் தரவை அழிக்காமல் வையுங்கள். கோப்பை இங்கே ஏற்றினால் P தொடங்கும் நொடியை நானே குறித்துத் தருகிறேன்.

கம்பிச்சுருள்:
ரெசிஸ்டர் மதிப்பையும் சேர்த்து எழுதுங்கள்.