பின்னால் இழுவை மாட்டினால் டீசல் ஏன் இப்படிக் குடிக்கிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒட்டன்சத்திரம் மிக்சர் வண்டி

கான்ட்ராக்டர்களுக்குக் கலவை மிஷின் வாடகைக்கு விடுகிறேன். மிஷினை டீசல் பிக்கப்பின் பின்னால் மாட்டி, சைட்டில் விட்டுவிட்டு, கான்கிரீட் முடிந்ததும் இழுத்து வர வேண்டும். வண்டி தனியாக ஓடினால் லிட்டருக்கு 13 கி.மீ. கிடைக்கும், மிஷினோடு போனால் 10. போன வருஷக் கடைசியில் அந்தப் பத்து, ஏழுக்கு வந்துவிட்டது.

எங்கள் ஊரில் மைலேஜ் குறைந்தால் முதலில் சந்தேகப்படுவது இன்ஜினை இல்லை, டிரைவரை. "பையன் டீசலை உறிஞ்சி விற்கிறான், ஆளை மாத்து" என்று பங்காளி சொன்னார். ஒருத்தன் பிழைப்பில் கை வைப்பதற்கு முன்னால் கணக்கைச் சரியாகப் பார்த்துவிடலாம் என்று நானே கூட உட்கார்ந்து போனேன். டேங்க் ஃபுல், மீட்டர் ரீடிங், மறுபடி அதே பங்கில் அதே பம்பில் ஃபுல். நாசில் தானாகக் கட் ஆனதும் நிறுத்திவிட வேண்டும்; அதற்கு மேல் குலுக்கிக் குலுக்கி ஊற்றினால் கணக்கு கெட்டுவிடும். மிஷினோடு 7, மிஷின் இல்லாமல் பழைய 13. டிரைவர் மேல் தப்பில்லை, இன்ஜினிலும் இல்லை. கோளாறு கொக்கிக்குப் பின்னால்தான் என்று தெரிந்துவிட்டது.

அடுத்த தடவை சைட் போய் நின்றதும் மிஷினின் இரண்டு சக்கர ஹப்பையும் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் லேசான சூடு. வலது பக்கம் தண்ணீர் தெளித்ததும் சொர்ரென்று ஆவியாகிப் போனது. கழற்றினால் பேரிங்கில் கிரீஸ் என்று ஒன்று இல்லை, சாம்பல் நிறத்தில் சிமென்ட் பசை. தினமும் டிரம் கழுவுகிற தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

பேரிங் மாற்றியதும் எட்டரை வந்தது. மீதி எங்கே? வலது டயரின் உள்ஓரம் மட்டும் ரம்பம் மாதிரி தேய்ந்திருந்ததை டிரைவர்தான் காட்டினான். "அண்ணே, சக்கரம் நேரா உருளலண்ணே, இழுபடுது" என்றான். டேப்பை எடுத்துக் கொக்கியின் நடுவிலிருந்து இரண்டு ஹப்புக்கும் அளந்தோம். ஒரு பக்கம் ஒரு அங்குலத்துக்கு மேல் கூடுதல். யு போல்ட் தளர்ந்து அச்சு பின்னால் நகர்ந்திருந்தது. அதைச் சரி பண்ணி, காற்றையும் சமமாக வைத்த பிறகு பத்து வந்தது. பங்காளி இன்னும் டிரைவரை நம்பவில்லை, அது வேறு கதை.

நாமக்கல் டீசல் பம்பு மெக்கானிக்

ஒரே ஒரு இடத்தில் மாற்றுக் கருத்து. இழுவை இல்லாமல் மைலேஜ் சரியாக வந்தால் இன்ஜின் சரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாரம் ஏறினால் மட்டுமே வெளியே வரும் கோளாறுகள் இருக்கின்றன.

முதலாவது, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். காலி வண்டியில் அழுத்தம் குறைவு, விரிசல் மூடியே இருக்கும். இழுவையோடு மேட்டில் மிதிக்கும்போது விரிசல் வாயைத் திறக்கும். காற்று வெளியேறும், விசில் கேட்கும், பின்னால் கறுப்புப் புகை வரும், டிரைவர் இன்னும் மிதிப்பார். கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கேதான் தேட வேண்டும். கிளட்ச்சும் இப்படித்தான். டாப் கியரில் முழுக்க மிதித்துப் பாருங்கள், ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் தட்டு முடிந்தது.

சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் மேல் சந்தேகம் வந்தால் உடனே நாலையும் கழற்றச் சொல்லாதீர்கள். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை) மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாய்களைப் பிடுங்கி, நாலு இன்ஜெக்டருக்கும் ஆளுக்கொரு சலைன் டியூப் செருகி, நாலு பாட்டிலில் விட்டு, கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிடுவோம். மூன்று பாட்டில் ஒரே அளவில் நிற்க, ஒன்று மட்டும் மளமளவென்று ஏறினால் தேய்ந்தது அந்த ஒன்றுதான்.

அப்புறம் தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வு. வண்டி சூடாகிறது என்றால் அதைக் கழற்றி எறிவது நம்மூரில் பெரிய வைத்தியம். எறிந்த பிறகு இன்ஜின் ஒழுங்காகச் சூடேறுவதே இல்லை. குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். வெப்பமுள் நடுவுக்கு வராமல் கீழேயே படுத்துக் கிடந்தால் அதுதான் அடையாளம்.

டெக்சாஸிலிருந்து

இங்கே நான் 6.7 லிட்டர் டீசல் பிக்கப்பில் கேம்பர் (தங்குவதற்கான வீடு மாதிரி இழுவை வண்டி) இழுக்கிறேன். தனியாகப் போனால் உங்கள் கணக்கில் லிட்டருக்கு 7.5, கேம்பரை மாட்டினால் 4 சொச்சம். கடையில் கொடுத்து ஃபில்டர் முதல் எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒரு குறையும் இல்லை. தின்றது எடையே இல்லை, காற்று. கேம்பரின் நெற்றி ஒரு சுவர் அகலத்துக்கு இருக்கிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்; மணிக்கு 65 மைலில் போகிறவர் 75க்குப் போனால் தடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வேகத்தை 62க்கு இறக்கியதும் 5ஐத் தொட்டது. இன்னொன்று, புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டியான டிபிஎஃப் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்போது மீட்டர் காட்டும் மைலேஜ் சட்டென்று விழும். அதைப் பார்த்துப் பதறாதீர்கள். பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மேட்டுப்பாளையம்

நாங்கள் ஜெனரேட்டர் டிராலியைக் குன்னூருக்கு இழுப்பவர்கள். மலையில் மைலேஜ் பார்ப்பதே வீண். வண்டியும் டிராலியும் சேர்ந்து 3 டன், ஏற்றம் ஏறக்குறைய 1,500 மீட்டர். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும், இன்ஜினில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால், மூன்றரை லிட்டர் போகும். தூரமோ முப்பத்துச் சொச்சம் கி.மீ.தான். இன்ஜின் புதுசாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சமதளத்தில் அளந்து பேசுங்கள்.

இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கியரில் இறங்கினால் ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜெக்டர் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்காகக் குடிக்கும். பிரேக்கும் சூடாகி, பின்னால் டிராலி தள்ளினால் கொண்டை ஊசியில் ஒன்றும் செய்ய முடியாது.

ஒட்டன்சத்திரம் மிக்சர் வண்டி

நாமக்கல் அண்ணன் சொன்னபடி ஹோஸைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி! முன்பு வைத்திருந்தவர் காலத்திலேயே கழற்றியிருக்கிறார்கள். புதுசு வாங்கிக் கொடுத்தால், சித்திரை வெயிலில் மாட்டக்கூடாது என்று எங்கள் மெக்கானிக் அடம்பிடிக்கிறார்.

நாமக்கல் டீசல் பம்பு மெக்கானிக்

வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை தம்பி. தண்ணீர் 80 டிகிரி தாண்டினால் அது தானே திறந்துகொள்ளும். மாட்டிய பிறகும் வண்டி சூடானால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்று பொருள். அதைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்கள், கூலண்டும் ஊற்றச் சொல்லுங்கள், வெறும் போர் தண்ணீர் வேண்டாம்.