லேயா ஏன் அழவில்லை?

தேவகோட்டையிலிருந்து:
1977ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ், விண்வெளிப் போர்ப் படம். கதை எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் வாடகை டெக் எடுத்து எங்கள் வீட்டு வளவில் போட்டோம். தொடக்கத்தில் அந்தப் பெரிய கப்பல் தலைக்கு மேல் போய்க்கொண்டே இருக்குமே, ஐயா தூணில் சாய்ந்தபடி "பலே" என்றார். இளவரசி லேயாவின் சொந்தக் கிரகத்தை எதிரிகள் வெடிக்கவைத்ததும் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டார். "ஊரே போச்சே, அந்தப் புள்ள ஏன் அழுகல?"

அப்புறம் நாயகன் லூக்கின் குரு ஓபி-வான் இறந்ததும் லேயாதான் லூக்குக்குப் போர்வை போர்த்தித் தேற்றுகிறாள். "அவளத் தேத்த ஆளில்லையா?" என்றார். ஐயா பர்மாவில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாக இருந்து, 1942ல் நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

காரைக்குடியிலிருந்து:
லேயா அழுவதற்காகப் படம் நிற்க வேண்டுமா? இதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு மணி நேரப் படம், அதன் பலமே நிற்காத ஓட்டம்தான். என்னை விடாதது சத்தம். சித்தப்பா கொட்டகையில் ஆபரேட்டர், நான் அந்த அறையிலேயே கிடந்தவன். படத்தில் சண்டைக்கு எடுக்கும் ஒளிவாளின் 'ம்ம்ம்' கேட்டதுமே "இது நம்ம புரொஜெக்டர்!" என்று எழுந்துவிட்டேன். படத்தின் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் அதைப் பழைய புரொஜெக்டர் மோட்டார் இரைச்சலோடு டிவி பிக்சர் டியூப் ரீங்காரத்தைச் சேர்த்துத்தான் உருவாக்கினார் என்று பிறகு படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

பள்ளத்தூரிலிருந்து:
நான் இயற்பியல் ஆசிரியர். படத்தில் விண்கப்பல் ஓட்டும் ஹான் சோலோ, தன் கப்பல் ஒரு பாதையைப் பன்னிரண்டு பார்செக்குக்குள் கடந்தது என்று வேகத்தைப் பெருமையடிப்பான். பார்செக் தூரம், சுமார் 3.26 ஒளியாண்டு. அதை நம்பி என் மாணவன் ஒருவன் தேர்வில் 'கால அலகு' என்று எழுதினான். மதிப்பெண் குறைத்தேன், இன்னும் உறுத்துகிறது.

பிள்ளைகளுக்குக் காட்டுபவர்களுக்கு: முன்கதையாக 1999ல் வந்த படத்தில் ஆரம்பிக்காதீர்கள். 1977, 1980, 1983, இதுதான் வரிசை. 1997ல் இந்தப் பழைய படங்களில் கணினி வரைகலை சேர்த்தார்கள். பாலைவன ஊரில் குறுக்கே நடக்கும் புதுப் பிராணிகள் கண்ணை இழுக்கும், முதலிலேயே சொல்லிவிடுங்கள். விளக்கை அணையுங்கள். டிவியில் படத்தை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். தொடக்கத்தில் ஓடும் எழுத்துகளைப் பெரியவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

தேவகோட்டையிலிருந்து:
காரைக்குடிக்காரரே, ஓட்டம் கூடாது என்று நான் சொல்லவில்லை. லூக்குக்குப் போர்வை போர்த்த நேரம் இருந்ததே! அதற்கு முன்னால் அவள் தோளிலும் யாராவது ஒன்றைப் போர்த்தியிருக்கலாம். ஐயா கேட்டது அவ்வளவுதான்.