கால் வீங்காதவர் ரத்தத்தில்தான் புழு இருந்தது: யானைக்கால் நோய் அனுபவங்கள்

களப்பணியில் இருந்தவர்:

யானைக்கால் நோய் ஆய்வுக்காக இரவில் ரத்தம் எடுக்கும் குழுவில் பல ஆண்டுகள் இருந்தேன். கதவைத் தட்டியதும் முதலில் வரும் கேள்வி, "பகல்ல வந்து எடுக்கக் கூடாதா?" என்பதுதான். நியாயமான கேள்வி. நாள் முழுக்க உழைத்துவிட்டுப் படுத்தவர்களை எழுப்பி விரலில் குத்துகிறோம். ஆனால் மைக்ரோஃபைலேரியா எனும் புழுக்குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நுண்குழாய்களில் தங்கிவிடும். இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் தோலை ஒட்டிய ரத்தத்தில் அதிகமாக ஓடும். இதைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுவே. பசிபிக் தீவுகள் சிலவற்றில் பகலில் கடிக்கும் கொசு பரப்புவதால், அங்கே பகலிலும் ரத்தத்தில் கிடைக்கும். கொசுவின் உடலுக்குள் இந்தப் புழு வளர்வதை 1877-இல் சீனாவின் ஷியாமெனில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கண்டார். ராத்திரியில் ரத்தம் எடுப்பதும் அவர் காட்டிய வழிதான்.

ஒரு வீட்டில் நடந்தது இன்னும் மனதில் இருக்கிறது. கால் வீங்கிய பெரியவர் ஒருவரை எல்லோருமாக முன்னால் தள்ளினார்கள். "இவருக்கு எடுங்க, எங்களுக்கு எதுக்கு?" என்றார்கள். அந்த வீட்டு இளைஞனுக்குத்தான் ரொம்பக் கோபம். பேசிப் பேசி எல்லோரிடமும் எடுத்தோம். பெரியவரின் ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடில் ஒன்றுமே இல்லை. நல்ல திடகாத்திரமாக இருந்த அந்த இளைஞன் ஸ்லைடில் குஞ்சுகள் இருந்தன. இது அபூர்வம் இல்லை, பல இடங்களில் இப்படித்தான் வருகிறது. கால் வீங்கும் கட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோரின் ரத்தத்தில் குஞ்சுகள் இருப்பதில்லை. அடுத்தவருக்குப் பரவுவது பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாதவர்களிடமிருந்துதான். ஆனால் ஊர் ஒதுக்கி வைப்பதோ பெரியவரை.

"அப்ப எனக்கும் கால் வீங்குமா?" என்று அந்தப் பையன் கேட்டான். தொற்று உள்ள பெரும்பாலோருக்கு வெளியே எதுவும் தெரியாது, ஆனாலும் உள்ளே, உடலில் தேங்கும் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்கள் விரிந்து கெட்டுக்கொண்டிருக்கலாம், அதனால் மாத்திரையை விடாதே என்று சொன்னேன்.

ஆய்வகத்தில் இருப்பவர்:

அந்த ஸ்லைடுகள் மறுநாள் எங்களிடம்தான் வரும். சாயம் ஏற்றிப் பார்த்தால் உறை போர்த்திய மெல்லிய இழையாகத் தெரியும். வால் நுனியைக் கவனமாகப் பார்ப்போம். நுனியில் உட்கரு இல்லையென்றால் வுச்சரேரியா பாங்க்ராஃப்டி என்ற புழு வகை, தனியாக இரண்டு உட்கரு இருந்தால் புருகியா மலாயி என்ற வகை. பிரித்துச் சொல்வது முக்கியம், ஏனென்றால் பரப்பும் கொசு வேறுபடும். புருகியாவை முக்கியமாக மான்சோனியா கொசு பரப்புகிறது. அந்தக் கொசுவின் இளம்புழுக்கள் ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரில் ஒட்டிக்கொண்டு மூச்சு விடும். அங்கே செடியை அகற்றாமல் மருந்து மட்டும் தெளித்துப் பெரிய பயன் இல்லை.

இப்போது வுச்சரேரியாவுக்கு விரல்நுனி ரத்தத்தில் பார்க்கும் அட்டைச் சோதனை வந்துவிட்டது. அது குஞ்சைத் தேடுவதில்லை, வளர்ந்த புழு வெளியிடும் பொருளைத் தேடுகிறது. அதனால் பகலிலும் செய்யலாம். பத்து நிமிடத்தில் பார்த்துவிட வேண்டும், தாமதித்தால், தொற்று இல்லாவிட்டாலும் இருப்பதாகக் காட்டும் பொய்க்கோடு தோன்றலாம். பள்ளிகளில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைச் சோதிப்பது இதை வைத்துத்தான். "பிள்ளைகளுக்கு என்ன நோய், ஏன் குத்துறீங்க?" என்று பெற்றோர் பதறுவார்கள். ஊரில் மாத்திரை கொடுக்கத் தொடங்கிய பிறகு பிறந்த பிள்ளைகள் இவர்கள். இவர்கள் ரத்தத்தில் தொற்று இருந்தால் பரவல் இன்னும் நிற்கவில்லை என்று பொருள். இதைச் சொன்னதும் பல தாய்மார்கள் பிள்ளையின் கையைத் தாங்களே பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்:

களப்பணி அண்ணன் சொன்ன வீட்டைப் போலத்தான் எங்களுக்கும். "எனக்கு ஒண்ணும் இல்லையே, நான் ஏன் முழுங்கணும்?" இதற்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டுவிடும். பரவலை நிறுத்த, ஊர் மக்களில் குறைந்தது 65 சதவீதம் பேர் உண்மையாகவே விழுங்கியிருக்க வேண்டும். கையில் கொடுத்துவிட்டு வந்தால் ஜன்னலுக்கு வெளியே போய்விடும். அதனால்தான் கண்ணெதிரே விழுங்கச் சொல்கிறோம். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள், கடுமையான நோயில் இருப்பவர்கள், இவர்களுக்குக் கொடுப்பதில்லை.

ஒருவருக்கு மாத்திரை போட்ட இரவே காய்ச்சல், உடம்பு வலி. மறுநாள் அந்தத் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. உண்மையில் அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் குஞ்சுகள் கூட்டமாகச் சாவதால் வருவது. ரத்தத்தில் குஞ்சு அதிகம் இருந்தால் காய்ச்சலும் அதிகம், ஓரிரு நாளில் அடங்கிவிடும். அன்று எங்கள் செவிலியர் அக்கா அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து, கேட்க வந்த ஒவ்வொருவருக்கும் இதை விளக்கினார். காய்ச்சல் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் இவ்வளவு பயம் வராது என்பது என் கருத்து. பயமுறுத்துவதாக நினைத்துச் சிலர் சொல்லாமல் விடுகிறார்கள். அது சரியில்லை.

வளர்ந்த புழு ஆறு முதல் எட்டு ஆண்டு வரை உயிர்வாழும். டிஇசி, அல்பெண்டசோல் என்ற மருந்துகள் இரண்டையும் ஒரே ஒரு முறை தந்தால் பலருக்குக் குஞ்சுகள் திரும்ப வந்துவிடும். ஐவர்மெக்டின் என்ற மருந்தையும் சேர்த்து மூன்றாகத் தந்தபோது, பப்புவா நியூ கினியில் நடந்த சோதனையில் ஓராண்டு கழித்தும் 96 சதவீதம் பேரின் ரத்தம் சுத்தமாக இருந்தது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் தகுந்த பகுதிகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் அதே ஆட்கள் தப்பித்துக்கொண்டிருந்தால் எந்த மருந்து வந்தும் நோய் அவர்களிடம் தங்கிவிடும். அந்த நாலு வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவதைத்தான் நான் முக்கியமான வேலையாக நினைக்கிறேன்.

நோயோடு வாழ்பவர்:

உங்கள் பேச்சில் வரும் அந்தப் பெரியவரைப் போல எனக்கும் கால் வீங்கியிருக்கிறது. மாத்திரை கொடுக்க வருவார்கள், விழுங்கியதும் நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. புழுவை ஒழிப்பது பெரிய வேலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் புழு போன பிறகும் கால் என்னோடுதானே இருக்கிறது?

அடிக்கடி தொடையிடுக்கில் நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் அடிக்கும். கால் சிவந்து நெருப்பாகக் கொதிக்கும். ஒவ்வொரு தடவையும் வீக்கம் கொஞ்சம் கூடிவிட்டுத்தான் போகும். புழுதான் கடிக்கிறது என்றே எல்லோரும் சொன்னார்கள். ஒரு மருத்துவர்தான் விரல் இடுக்கை விரித்துப் பார்த்து, "இங்க புண்ணு இருக்கே, இது வழியாத்தான் கிருமி போகுதும்மா" என்றார். நிணநீர் ஓடாமல் தேங்கிய காலில் சாதாரண பாக்டீரியா புகுந்தாலே இந்தப் பாடு என்று விளக்கினார். பிரேசிலின் ரெசிஃபி நகரில் ஜெருசா ட்ரேயர் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் சோப்பு போட்டுக் கழுவிக் காலைப் பேணும் முறையை நோயாளிகளுக்குக் கற்றுத் தந்து இந்தக் காய்ச்சலைக் குறைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். இத்தனை வருடம் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லையே என்று அழுகை வந்துவிட்டது.

விரைவீக்கம் இருந்தவர்:

ஆண்கள் இதை வெளியே சொல்வதில்லை. நானும் தளர்வான உடையிலேயே மறைத்து வந்தேன். இந்தப் புழு நோயால் விதையைச் சுற்றி நீர் கோத்திருந்தது, அறுவை செய்து எடுத்தார்கள். மாத்திரையால் மட்டும் அது போகாது. மறைத்துக்கொண்டு யாராவது இதைப் படித்தால், அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

களப்பணியில் இருந்தவர்:

அம்மா, நீங்கள் சொன்ன குறை உண்மை. காலுக்கு இப்போது தினமும் என்ன செய்கிறீர்கள்? மற்றவர்களுக்கும் உதவும், கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

நோயோடு வாழ்பவர்:

சொல்கிறேன் தம்பி. இரண்டு காலையும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு, தேய்க்காமல் மெதுவாகக் கழுவுவேன். வெந்நீர் கூடாது. மடிப்பு, விரல் இடுக்கு எல்லாம் மெல்லிய துணியால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வெடிப்போ சேற்றுப்புண்ணோ தெரிந்தால் மருத்துவர் தந்த களிம்பு. உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பேன், கணுக்காலை மேலும் கீழும் அசைப்பேன். வெறுங்காலோடு நடப்பதில்லை. காய்ச்சல் வந்துவிட்டால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு, குளிர்ந்த ஈரத்துணி போட்டுப் படுத்துக்கொண்டு, உடனே மருத்துவரிடம் போய்விடுவேன். வீக்கம் முழுசாக வற்றவில்லை. காய்ச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது, நாற்றமும் இல்லை. இப்போது பக்கத்து வீட்டுப் பெண் என் அருகில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறாள்.