டெக்சாஸிலிருந்து தெற்கு டகோட்டா: வழியில் எங்கே நிறுத்தலாம்?

குடும்பத்தோடு காரில் போகிறோம். பிள்ளைகளுக்கு ஏழும் பத்தும். வழியோர விநோதங்கள் இருந்தால் சொல்லுங்களேன்.

பதில்: டெக்சாஸிலேயே அமரில்லோ ஊர்ப் பக்கம் காடிலாக் ராஞ்ச் போங்கள். 1974இல் 10 கார்களை மூக்கு மண்ணில் புதைய நட்டு வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் ஸ்பிரே பெயின்ட் அடிக்கலாம். பழைய சட்டை போட்டுவிடுங்கள், காற்றில் சாயம் மேலே தெறிக்கும். என் மகள் எழுதிய பெயர்மேல் வேறொருவர் உடனே அடித்துவிட்டார். அவள் சளைக்காமல் அடுத்த கதவில் எழுதினாள். எனக்கு அவ்வளவு பெருமை!

பதில்: கான்சாஸ், காக்கர் சிட்டி. 1953இல் ஒரு விவசாயி சுற்றத் தொடங்கிய பிரம்மாண்டக் கயிற்று உருண்டை. நீங்களும் சுற்றலாம்.

கேட்டவர்: நன்றி. சின்னவன் இப்போதே கயிறு தேடுகிறான்.

பதில்: அப்புறம் நெப்ராஸ்காவில் கார்ஹெஞ்ச்: இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம் போலவே பழைய கார்களால் அமைத்தது. கட்டணமில்லை.